மழையில் வளைந்த இருப்புப்பாதை

ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மாதிரி ரயிலின் எஞ்சின் அதே இடத்தில் மூன்றாவது முறையாகத் தடம் புரண்டது. பிளாட்பாரம் தொடங்குவதற்கு ஒரு சாண் முன்னால், முன்புறச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி ஒரு கணம் நின்றது; பிறகு ஜல்லியில் இறங்கியது. இரண்டு நாட்களாக நான் எஞ்சினைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சக்கரங்களைக் கழற்றித் துடைத்தேன். எடை போதவில்லையோ என்று ஈயத்துண்டு வைத்துப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். எஞ்சினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையின் ஓரத்தில் கன்னத்தை ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டினார். அரை நிமிடம் அப்படியே இருந்தார்.

"ஏலே, இங்கே குனிந்து பார். இந்தப் பக்கத் தண்டவாளம் தாழ்ந்திருக்கிறது. வண்டியில் குற்றமில்லை. பாதையில்தான் பள்ளம்."

குனிந்து பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது நேராகத் தெரிந்த பாதை, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கியதும் ஈரத்துணி போலத் தொய்ந்து கிடந்தது.

அப்பா செங்கோட்டைப் பிரிவில் கீமேனாக வேலை பார்த்தவர். சுத்தியலும் ஸ்பானரும் சிவப்பு, பச்சைக் கொடிகளும், தண்டவாளத்தில் வைத்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிச் சிமிழ்களும் சுமந்து, தன் பங்குக்கான பாதையைத் தினமும் நடந்து பார்ப்பதுதான் கீமேனின் வேலை. தளர்ந்த சாவிகளை, அதாவது தண்டவாளத்தைப் பிடிக்கும் ஆப்புகளை, அடித்து இறுக்க வேண்டும். விரிசல் தெரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம் வழியாக மலையேறிப் புனலூருக்கு இறங்கும் அந்த மீட்டர்கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டது. 2010இல் அகலப்பாதைப் பணிக்காக அதை மூடினார்கள். 2018இல் முழுவதும் அகலப்பாதையாகத் திறந்தார்கள். குற்றாலச் சாரல் விழும் மாதங்களில் அந்தப் பாதையில் நடந்தவர் அப்பா. மழை மண்ணை என்ன செய்யும், மரத்தை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நான் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இனி, மும்பை செம்பூரில் ஓர் அறை, ஹால், சமையலறை கொண்ட வீட்டில், எட்டு அடி நீளத்தில் ஒரு மீட்டர்கேஜ் ஸ்டேஷன் கட்டி, அது மழையில் கெட்டு, பிரித்து மறுபடி கட்டிய கதை. மாதிரி ரயில் என்றாலே பலரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பாதையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதிரி ரயிலுக்கு நான் எடுத்துக்கொண்ட ஹெச்ஓ அளவு என்பது உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு. உண்மையான மீட்டர்கேஜில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 11.5 வரும். டிடி என்ற இன்னும் சிறிய மாதிரி அளவுக்கென்று கடையில் கிடைக்கும் பாதையின் அகலம் 12 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இந்திய அகலப்பாதையை ஹெச்ஓவில் செய்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. 1676 மில்லிமீட்டரை வகுத்தால் 19.3 வர வேண்டும், கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர் பாதை. நம் ரயில் அதன்மேல் நிற்கும்போது ஒடுங்கித் தெரியும். மீட்டர்கேஜைத் தேர்ந்தெடுத்ததற்கு அப்பா முதல் காரணம் என்றால், இந்தக் கணக்கு இரண்டாவது காரணம்.

டிடி பாதையின் ஸ்லீப்பர், அதாவது தண்டவாளங்களுக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை, அதன் நீளமும் நமக்குப் பொருந்தி வருகிறது. மீட்டர்கேஜ் மர ஸ்லீப்பர் 1.8 மீட்டர் நீளம், அளவில் 20.7 மில்லிமீட்டர். பாதையோடு வரும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள் இதற்கு மிக நெருக்கமானவை. ஆனால் அவை அடர்த்தியாக இருக்கின்றன. அடியில் அவற்றை இணைக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை வெட்டி, ஐந்தில் ஒன்றை உருவி எடுத்து, மீதியை இடைவெளி விட்டு நகர்த்தினேன். இதற்கு இரண்டு மாலைகள் போயின. அப்பா பார்த்ததும் முதலில் கவனித்தது இதைத்தான்.

எஞ்சினைப் பற்றி ஒரு பத்தி போதும். கிழக்கு ஜெர்மனியில் டிடி அளவு பரவலாக இருந்தது. அந்தக் காலத்து ஆறு அச்சு டீசல் எஞ்சின் ஒன்று பழைய பொருளாகக் கிடைத்தது. உள்ளே கிரீஸ் உறைந்து மெழுகாகியிருந்தது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, மோட்டாரின் செப்பு உருளையைத் துடைத்து, தாங்கிகளில் ஊசி முனையால் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி வைத்ததும் ஓடிவிட்டது. மேல்கூட்டை அகற்றிவிட்டு, மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசலின் உருவத்தைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். அது முழுமையான பிரதி அல்ல. ஆனால் தூரத்திலிருந்து பார்த்து, "நம்ம வண்டி" என்று அப்பா சொன்னார்.

இப்போது பலகைக்கு வருகிறேன். முதல் பலகையைப் பிப்ரவரியில் செய்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் சாதாரண பிளைவுட். கீழே பெட்டி மரத்தில் சட்டம். நான்கடி நீளத்தில் இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். மேலே கார்க் ஒட்டி, பெயின்ட் அடித்து, பாதை பதித்து, ஜல்லி போட்டு, மார்ச் மாதம் வண்டி ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. ஜூன் நடுவில் மழை இறங்கியது. ஜூலையில் மேலே சொன்ன தடம்புரளல்.

அன்று மாலையே பாதையைக் கிளப்பிவிட்டுப் பலகையின் மேல் ஒரு நீண்ட அலுமினியப் பட்டையை நிறுத்தி அளந்தேன். நடுவில் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. பலகை தொட்டில் போல வளைந்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மேல்பக்கம் முழுவதும் பெயின்ட்டும் பசையும் கார்க்கும் மூடியிருந்தன. கீழ்ப்பக்கம் வெறும் மரம். மழைக்கால ஈரம் கீழ்ப்பக்கத்தில் மட்டும் புகுந்திருக்கிறது. ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் அப்படியே இருந்தால் எந்தப் பலகையும் வளையும். மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக மட்டுமே இருந்த சட்டங்களால் அதைத் தடுக்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்திருந்தது. தண்டவாள இணைப்புகளில் சிறு சிறு இடைவெளிகள் திறந்திருந்தன. எட்டு அடி முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். வெயிலில் தண்டவாளம் நீண்டு குளிரில் சுருங்கியிருக்குமோ என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். உண்மையான பாதையில் அது பெரிய விஷயம்தான். 12 மீட்டர் இரும்புத் தண்டவாளம் 50 டிகிரி மாற்றத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் இணைப்புகளில் இடைவெளி விடுகிறார்கள். பாதை போடும் நேரத்தில் தண்டவாளம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்து அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிறார்கள். ஆனால் என் வீட்டுக்குள் வெப்பம் பதினைந்து டிகிரிக்கு மேல் மாறுவதில்லை. அதற்கு நிக்கல் சில்வர் தண்டவாளம் எட்டு அடி முழுவதற்கும் சேர்த்தே அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம் நீளும். நீண்டது மரம். பிப்ரவரியில் காய்ந்திருந்த பிளைவுட் ஜூலையில் உப்பி, தன்மேல் ஒட்டியிருந்த தண்டவாளங்களை இழுத்துப் பிரித்திருக்கிறது.

ஆகவே இரண்டாவது பலகையைத் தொடங்கும் முன் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். சாதாரண பிளைவுட்டுக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 303. கடல்தர பிளைவுட்டுக்கு ஐஎஸ் 710. இந்த எண் தகட்டின் மேல் முத்திரையாக இருக்க வேண்டும். நான் முதலில் போன கடையில் "மரைன்தான்" என்று வாயால் சொல்லி முத்திரையில்லாத பலகையை எடுத்துக் காட்டினார்கள். ஈரப்பதம் தாங்கும் ரகத்துக்கும் கொதிநீர் தாங்கும் ரகத்துக்கும் பசையிலேயே வேறுபாடு உண்டு. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முத்திரையைக் கேளுங்கள். இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள். நான் இரண்டாவது கடையில் ஆறு மில்லிமீட்டர் தடிமனில் ஐஎஸ் 710 முத்திரையோடு வாங்கினேன். கடையிலேயே பட்டைகளாக அறுத்துக் கொடுத்தார்கள்.

சட்டத்துக்கும் இந்த முறை திடமரம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதே ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டை மூன்று அங்குல உயரப் பட்டைகளாக நிறுத்தி, நான்கு பக்கமும் வைத்து, நடுவில் அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் கொடுத்தேன். முட்டைகள் வைக்கும் அட்டைத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். தனியாக எடுத்தால் மெல்லிய அட்டை. மேடும் பள்ளமுமாக இருப்பதால் வளையாது. இந்தச் சட்டமும் அப்படித்தான். முழுப் பலகை முதலாவதைவிடக் கனம் குறைவு. அதன் மேல் ஓர் அங்குல நீலநிற நுரைப்பலகை. அது ஈரத்தை உறிஞ்சாது. கத்தியால் வெட்டி வாய்க்காலும் சரிவும் அமைக்கலாம்.

இதன் பிறகு செய்ததுதான் மிக முக்கியம். மேல், கீழ், பக்கவாட்டு, அறுத்த விளிம்பு, திருகுத் துளையின் உட்புறம் என ஒரு விரல் அகலம்கூட விடாமல் இரண்டு பூச்சு பாலியூரிதேன் வார்னிஷ் அடித்தேன். அறுத்த விளிம்புகளுக்கு மூன்றாவது பூச்சும் அடித்தேன். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். மழை நாளில் வார்னிஷ் காய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. மின்விசிறிக்குக் கீழே நான்கு நாள் வைத்திருந்தேன். வீட்டில் வாசனை தாங்கவில்லை. என் மனைவி ஜன்னல்களைத் திறந்து வைத்தாள்; மழைச் சாரல் உள்ளே வந்தது; மறுபடி மூடினோம். அந்த நான்கு நாட்கள் அவள் பொறுத்துக்கொண்டதற்கு நான் என்றும் கடன்பட்டவன்.

இரண்டு பலகைகளும் சேரும் இடத்துக்குக் கதவுக் கீல்களைப் பயன்படுத்தினேன். கீலின் ஊசியை உருவி எடுக்கக்கூடிய ரகமாக வாங்கி, இரண்டு பலகைகளையும் இறுகச் சேர்த்து வைத்த நிலையில் திருகினால், ஊசியைச் செருகும்போதெல்லாம் பலகைகள் அதே இடத்தில் வந்து நிற்கும். சேருமிடத்தில் தண்டவாள முனைகளைப் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் தாங்காது. அங்கே மட்டும் செப்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் பலகையை ஸ்லீப்பர் அளவில் வெட்டி, அதன் மேல் தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பற்றவைத்து முடித்து மின்சாரம் கொடுத்ததும் அடாப்டர் அணைந்துவிட்டது. செப்புத் தகட்டின் நடுவே அரத்தால் கீறி இரண்டாகப் பிரிக்க மறந்திருந்தேன். இரு தண்டவாளங்களும் செம்பின் வழியே ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கு கீறல்கள், பத்து நிமிட வேலை.

மின்சாரம் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் பாதையில் ஒரே ஓர் இடத்தில் வயர் இணைத்து, மீதியை இணைப்புத் தகடுகளே கடத்தட்டும் என்று விட்டிருந்தேன். மழைக்காலத்தில் எஞ்சின் தூரத்து முனைக்குப் போகப் போகச் சோர்ந்தது. மல்டிமீட்டரை வைத்தால் அங்கேயும் 12 வோல்ட்தான் காட்டியது. இது என்னை ஒரு வாரம் ஏமாற்றியது. மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுப்பதில்லை. அதனால் வழியில் இருக்கும் தடையை அது காட்டாது. மோட்டார் சைக்கிளில் போடும் ஐந்து வாட் பல்பை அந்த முனையில் தண்டவாளங்களின் குறுக்கே இணைத்துவிட்டு அளந்தேன். 9.4 வோல்ட். இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்திருந்தது. இணைப்புத் தகடுகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாகப் படிந்திருந்தது. செம்பூர்க் காற்றில் கடலின் ஈரம் எப்போதும் உண்டு.

மும்பையின் பெரிய ரயிலும் இதே சிக்கலோடு தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தது. 1925 பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியபோது மேல்கம்பியில் 1500 வோல்ட் நேர்மின்சாரம். வோல்ட் குறைவென்றால் அதே வேலைக்கு மின்னோட்டம் அதிகம் தேவை. மின்னோட்டம் அதிகமானால் கம்பியிலேயே இழப்பும் அதிகம். அதனால் சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின்நிலையம் வைத்து வழிநெடுக ஊட்ட வேண்டியிருந்தது. பின்னாளில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். என் மேசைப் பாதையில் வோல்ட்டைக் கூட்ட முடியாது. ஆனால் வழிநெடுக ஊட்ட முடியும்.

லோஹார் சாலில் சிவப்பும் கறுப்புமாக ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் வாங்கிப் பலகைக்கு அடியில் முழு நீளத்துக்கும் ஓட்டினேன். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக ஒரு மெல்லிய வயர் மேலேறுகிறது. மொத்தம் இருபத்திரண்டு. இணைப்புத் தகடு இனி தண்டவாளத்தை நேர்கோட்டில் பிடித்தால் போதும். மின்சாரம் கடத்தும் பொறுப்பு அதற்கு இல்லை. பற்றவைக்கும்போது பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாமல் இருக்க ஒரு வழி: தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சுரண்டி, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசை தடவி, அதில் முன்பே ஈயம் பூச வேண்டும். வயர் முனையிலும் ஈயம் பூசிவிட வேண்டும். இருபுறமும் நனைத்த பஞ்சை வைத்து, பற்றவைக்கும் கோலால் இரண்டு நொடி மட்டும் தொட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்றாவது நொடியில் ஸ்லீப்பர் இளகத் தொடங்கும். முதல் நான்கில் இரண்டைக் கெடுத்தேன். பிறகு கை பழகிவிட்டது. அதே பல்பைத் தூரத்து முனையில் வைத்து அளந்தபோது 11.8 வோல்ட்.

வேகக் கட்டுப்பாட்டுக்கு லாமிங்டன் சாலையில் வாங்கிய, மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் துடிப்பு முறைச் சுற்று ஒன்று, 12 வோல்ட் அடாப்டர், திசை மாற்ற ஒரு சுவிட்ச். பழைய இரும்புக்கரு மோட்டாருக்கு இது ஏற்றது. மிக மெதுவாக நகர்த்த முடிகிறது. கரு இல்லாத புதிய மோட்டார் வைத்திருப்பவர்கள் இதைப் பயன்படுத்தாதீர்கள். குறைந்த அதிர்வெண் துடிப்பில் அவை சூடாகிவிடும்.

ஆகஸ்டில் பாதை பதித்தேன். மரம் முழுக்க உப்பியிருக்கும் மாதம் இது. குளிர்காலத்தில் சுருங்கும்போது தண்டவாளங்கள் ஒன்றையொன்று முட்டி வளையக் கூடாது. அதனால் இணைப்புக்கு இணைப்பு ஓர் அஞ்சலட்டையின் தடிமன் இடைவெளி விட்டேன். அட்டையைச் செருகிப் பிடித்தது அப்பா. அவர் வேலை பார்த்த நாளில் இதற்கென்றே இரும்பு வில்லைகள் இருந்தனவாம். ஒவ்வொரு துண்டும் பதிந்ததும் கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்து, "இரண்டாவது ஸ்லீப்பர், கொஞ்சம் தூக்கு" என்றார். நான் காகிதத் துண்டு செருகினேன். ஜல்லியை இடித்துச் செருகிப் பாதையைத் தூக்கும் வேலையைத் தன் தொழிலாளர் குழுவோடு செய்தவருக்கு, இங்கே காகிதத்தைக் கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகச் செருகச் சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. மூன்று ஞாயிறுகள் இதற்கே சரியாகப் போயின. அந்த மூன்று ஞாயிறுகளை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஜல்லிக் கணக்கு எளிது. உண்மைப் பாதையில் 50 மில்லிமீட்டர் கல். 87ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் பெரிது. ஏறத்தாழ ரவைப் பருமன். தெருவில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு ஒரு பை கருங்கல் தூள் வாங்கி வந்து, முதலில் ரவைச் சல்லடையிலும் பிறகு டீ வடிகட்டியிலும் சலித்தேன். இரண்டுக்கும் நடுவில் நின்றதுதான் ஜல்லி. மூன்று தண்ணீரில் கழுவிக் காயவைத்தபின் ஒரு வலுவான காந்தத்தை மேலே ஓட்டுங்கள். என் காந்தத்தில் மீசை முளைத்தது போல இரும்புத்தூள் ஒட்டியது. அது மோட்டாருக்குள் போயிருந்தால் எஞ்சினின் கதை முடிந்திருக்கும்.

ஜல்லியை ஒட்டுவதில் மழையிடம் மறுபடி தோற்றேன். மரப்பசையைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சொட்டு மருந்துக் குழலால் விடுவதுதான் வழக்கமான முறை. ஆகஸ்டில் அது ஐந்து நாளாகியும் காயவில்லை. ஆறாம் நாள் வெள்ளைப் பூஞ்சை. செம்மண்ணுக்காக நான் தூவியிருந்த காய்ந்த காபிச் சக்கையில் அது இன்னும் செழித்தது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு அக்டோபர் வெயில் வரும்வரை காத்திருந்தேன். காபிச் சக்கையின் இடத்தில் பொடித்த செங்கல். பசைக்கு முன் ஜல்லியின் மேல் ஆல்கஹாலைத் தெளித்தால் பசை சட்டென்று உள்ளே இறங்குகிறது, காய்வதும் விரைவு. இரண்டாம் நாள் விரலால் தட்டினால் கல்லாக நின்றது. மும்பையில் இந்த வேலை செய்பவர்களுக்குச் சொல்கிறேன்: மழை மாதங்களில் மின்சார வேலை, மர வேலை, கட்டட வேலை எல்லாம் செய்யுங்கள். தண்ணீர் கலந்த பசையை மட்டும் தீபாவளி நெருங்கும்வரை தொடாதீர்கள்.

பாதையோரத்தில் அப்பா சொன்னபடி நுரைப்பலகையில் வாய்க்கால் வெட்டினேன். நான் அலங்காரம் என்று நினைத்தேன். அவருக்கு அது அலங்காரமே இல்லை. "தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் பார். அதற்கு வழி இல்லாத இடத்தில் பாதை நிற்காது" என்றார். மலைப்பக்கச் சரிவின் அடியில் ஒரு வாய்க்கால், பாதைக்கு அடியில் தண்ணீர் கடக்கச் சின்ன மதகு, மறுபக்கம் பள்ளம். இந்த மேசையில் ஒரு துளி மழையும் விழாது. ஆனாலும் அந்த வாய்க்கால் வந்தபிறகுதான் அது மலையடிவார ஸ்டேஷனாகத் தெரிந்தது.

ஸ்டேஷனின் பக்கவாட்டுப் பாதையான லூப் லைனுக்குப் பிரியும் பாயின்ட்டில் மட்டும் ஒரு பெட்டி தட்டிக்கொண்டே இருந்தது. இந்த முறை பாதையில் குற்றமில்லை என்று அப்பா கண்ணை வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். பெட்டியின் அச்சுகளை அளந்தேன். ஓர் அச்சில் இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் குறைவு. சக்கரத்தை மெல்லத் திருகி வெளியே நகர்த்தியதும் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங்கைச் சத்தமின்றிக் கடந்தது. பாதையைச் சரிசெய்தபிறகுதான் வண்டியின் குறை தனியாகத் தெரிந்தது. முன்பு இரண்டும் கலந்து கிடந்தன.

தண்டவாளத்தைத் துடைப்பதற்கு மணல்தாள் வேண்டாம். கீறல்களில் அழுக்குத் தங்கும். ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணி போதும். துடைத்தபின் 6பி பென்சிலால் தண்டவாளத்தின் உள்விளிம்பில் லேசாக ஒரு கோடு இழுத்தால் தீப்பொறி குறைகிறது. கறுப்புப் படிவதும் குறைகிறது. அழுத்தித் தீட்டினால் சக்கரம் வழுக்கும்.

நவம்பரில் என் மகள் கேட்ட கேள்வியால் கடைசி வேலை ஒன்று சேர்ந்தது. "தாத்தா, உங்கள் ரயில் டடக் டடக் என்று போகும் என்றீர்களே, இது ஏன் சத்தமே போடவில்லை?" அன்றைய மீட்டர்கேஜ் தண்டவாளம் 12 மீட்டர் நீளம், ஒவ்வொரு 12 மீட்டருக்கும் ஓர் இணைப்பு, ஒரு தட்டல். அளவில் 138 மில்லிமீட்டர். மெல்லிய பல் ரம்பத்தால் ஒவ்வொரு 138 மில்லிமீட்டரிலும் இரு தண்டவாளங்களின் தலையிலும் மெல்லிய கீறல் போட்டேன். தலை மட்டும், அடிவரை அறுக்கக் கூடாது. பிசிறுகளைத் தேய்த்துவிட்டு மூன்று பெட்டிகளோடு வண்டியை விட்டேன். நுரைப்பலகை மத்தளத்தின் தோல் போல அந்தச் சத்தத்தைத் தாங்கி எழுப்பியது.

அப்பா உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதடுகள் எண்ணுவது தெரிந்தது.

"பத்து நொடிக்குப் பதினான்கு. அறுபதில் போகிறாய். மலையடிவாரத்தில் அறுபதா?"

அந்தக் கணக்கை அவர் அப்போதுதான் எனக்குச் சொல்லித் தந்தார். 12 மீட்டர் தண்டவாளத்தில் 43 நொடிக்குள் எத்தனை இணைப்புகளை வண்டி கடக்கிறதோ, அதுவே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. 12 மீட்டரை ஒரு மணி நேரத்துக்கான 3600 நொடியால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 43.2 வரும், அவ்வளவுதான். என் பாதையில் 43 நொடி ஓட நீளமில்லை. அதனால் அவர் பத்து நொடிக்கு எண்ணி நாலேகாலால் பெருக்கியிருக்கிறார். கீறல்களும் அதே அளவில் குறைந்திருப்பதால் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

முப்பது கிலோமீட்டருக்குப் பத்து நொடியில் ஏழு தட்டல்கள் வர வேண்டும். குமிழைத் திருப்பித் திருப்பி ஏழு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். இப்போது மகள் வண்டி ஓட்டும்போது அப்பா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். புள்ளியைத் தாண்டினால் கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுகிறார்.

அடுத்த ஜூலையில் அதே அலுமினியப் பட்டையை நிறுத்தி அளந்தேன். நடுவில் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. ஸ்டேஷன் நுழைவில் நிற்கும் ஹோம் சிக்னலின் கை இன்னும் கம்பியில் சிக்குகிறது. அது இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை.